பிப்பாவும் என் கைபேசியும்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்களுக்கு மேல்மாடியில் இருந்த சீனப் பெண்ணும் நானும் ஒரே தையல் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ஊரில் அவள் மேடையேறிப் பிப்பா வாசித்தவள். மடியில் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் நாலு தந்தி வாத்தியம் அது. வலக்கை விரல்களில் பொய்நகம் ஒட்டி மீட்டுவாள்; இடக்கை விரல்கள் தந்திகளை அழுத்தியபடி மேலும் கீழும் ஓடும். இங்கே அதே விரல்கள் குளிர்சட்டைகளுக்கு ஜிப் தைத்தன.

ஒருநாள் மெஷின் ஊசி அவளுடைய இடது ஆள்காட்டி விரலுக்குள் இறங்கிவிட்டது. காயம் ஆறியது, விரல் மடங்கவில்லை. "தைக்கிறதுக்கு அது போதும்தானே" என்று மேற்பார்வையாளர் ஆறுதல் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருடைய விரலைப் பிடித்து ஊசிக்கடியில் வைத்திருப்பேன்.

அவள் விடவில்லை. வேலையால் வந்ததும் அந்த விரலை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்று விரல்களால் பழைய இசையைத் திரும்பப் பழகினாள். சகிக்க முடியாத சத்தம், பொய் சொல்வானேன். என் கணவர் டிவியின் ஒலியைக் கூட்டிவிட்டு, "ஒருக்காப் போய் நிப்பாட்டச் சொல்லுமன்" என்றார்.

"உங்கட குறட்டைய நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?" என்றேன்.

சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து நகரமான லவாலில் ஒரு மண்டபத்தில் விழா. அவள் மேடைக்கு வரவேண்டும், ஆனால் வாசிக்கக் கூடாது என்றார் விழா நடத்தியவர். அவளுடைய பழைய ஒலிப்பதிவு ஒலிக்கும். அவள் பட்டுடுத்தி உட்கார்ந்து விரலை அசைத்தால் போதுமாம். சரி என்று ஒத்துக்கொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை, முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் ஒலிப்பதிவை என் கைபேசிக்கு அனுப்பினாள். அதைப் போட்டுவிடும் பொறுப்பு எனக்கு.

அன்று மேடை ஓரத்தில் கைபேசியை ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டு நின்றேன். நகங்களை ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இங்கே வந்தபின் மொழி வகுப்பில் பொறுக்கிய பிரெஞ்சுதான்.

"போடாதே. நான் வாசிக்கிறேன்."

முன்பே தீர்மானித்திருந்தாளா, அங்கேதான் தோன்றியதா, நான் கேட்டதில்லை.

திரை விலகியது. எதிர்ப்பக்கத்திலிருந்து விழாக்காரர், போடு போடு என்று கையைக் காட்டினார். நான் வயரைக் கழற்றி, கைபேசியைக் கைப்பைக்குள் வைத்து, அவர் பார்க்கும்படி ஆற அமர மூடினேன். என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த வேலைகளில் அதுவும் ஒன்று.

அவள் தொடங்கினாள். பாதியில் ஒரு விரல் வழுக்கி, காதைக் குத்தும் சத்தம் கிளம்பியது. முன்வரிசையில் சிரித்தார்கள். அவள் நிறுத்தி, தடுமாறிய இடத்துக்கே திரும்பிப்போய் வாசித்தாள். மறுபடி வழுக்கியது. மறுபடி திரும்பினாள். சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். அடுத்த முறை அந்த இடத்தைத் தாண்டிப்போய் முடித்தாள்.

இறங்கி வந்ததும் விழாக்காரர் என்மீது பாய்ந்தார். போன் பழுதாகிவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள், எனக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சிலேயே.

"போனில் பழுதில்லை. நான்தான் வேண்டாம் என்றேன்."

"இனி உன்னைக் கூப்பிடமாட்டோம்," என்றார் அவர்.

அவள் ஒட்டிய நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"கூப்பிட்டால் இந்தக் கையோடுதான் வருவேன்."