கொழுந்தன் ஓட்டிய கார்

என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்த கார் அது. புகுந்த ஊரான வடகரையில் என் கணவர் அதைத் தானே ஓட்டுவார், தானே பழுதும் பார்ப்பார். ஒருமுறை அதில் ஒரு கோளாறு வந்தது; வேகமாகப் போகும்போது நன்றாக ஓடிய வண்டி, வேகம் குறைந்தாலே குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. நின்ற இடத்தில் அணைந்தும் போனது. அவர் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார், தீரவில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கார்பரேட்டரை எஞ்சினோடு பூட்டியிருந்த இணைப்பில் நாலு சொட்டு எண்ணெய் விட்டார். நடுக்கம் சட்டென்று நின்றது, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. நடுவிலிருந்த பேக்கிங் அட்டை தேய்ந்து, அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது என்றார். புது அட்டையை நான்தான் கத்தரித்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் விஷக்காய்ச்சலில் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்தன் என்னிடம் கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் யாரும் அதைத் தட்டிக் கேட்கவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன்.

என் மகளுக்குக் காதில் சீழ் கட்டிக் காய்ச்சல் கொதித்த அன்று, தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டேன்.

"சிநேகிதமாரு குத்தாலம் போகணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க மைனி. பிள்ளைய நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

மறுநாள் மாட்டுவண்டியில் கொண்டுபோனேன். உயிர் பிழைத்தாள், வலது காது பிழைக்கவில்லை.

சில மாதங்களில் பழைய நடுக்கம் திரும்பி வந்தது. சாயங்காலம் வண்டி வாசலில் வந்து நிற்கும்போது, அடுப்படியில் இருந்தபடியே எனக்குக் கேட்கும். கொழுந்தன் பிளக்குகளை மாற்றினார், தென்காசியிலிருந்து ஆள் கூட்டிவந்தார், பெட்ரோலைக் குறை சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. வண்டி அணையும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு ருசித்தது.

கடைசியில் அதை விற்றுத் தொலைக்க நினைத்தார். சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்த மதுரை வக்கீல் ஒருவர் வண்டியில் போய்ப் பார்க்க வந்தார். அவர் மனைவிக்குத் துணையாகப் பின்சீட்டில் என்னை ஏற்றினார்கள். கொழுந்தன்தான் ஓட்டினார்; கூட்டத்தில் மெதுவாகப் போனபோதுகூட ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வண்டி சீராக ஓடியது. வக்கீலுக்குப் பிடித்துப்போனது.

அருவிக்குப் போகும் கடைத்தெருவில் நான் முதல்முறையாகப் பேசினேன். "ஐயா, அவரை ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கச் சொல்லுங்க."

வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு அப்படியே செய்யச் சொன்னார். கொழுந்தனுக்கு வேறு வழியில்லை. வண்டி உதறியது, முனகியது, அணைந்தது. முன்பக்க ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. வக்கீல் தன் மனைவியை அழைத்துக்கொண்டு இறங்கி நடந்துவிட்டார். சாரலில் நனைந்துகொண்டு கொழுந்தனும் இரண்டு கடைக்காரர்களும் வண்டியைத் தள்ளினார்கள். நான் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கொழுந்தன் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அதுக்கு என்ன கோளாறுன்னு ஒங்களுக்குத் தெரியுமா மைனி?"

"தெரியும்."

"சொல்லப்படாதா?"

"சாவியக் குடுங்க. எங்க ஊரு கடையத்துக்கு ஆள் விட்டு எங்க அண்ணனை வரச் சொல்லுங்க. சொல்லுதேன்."

மாமியார் என்னைக் குடும்பம் கெடுக்க வந்தவள் என்றார். சீசன் முடியும்வரை வண்டியை விற்க வேறு ஆள் தேடிப் பார்த்தார்கள். கடைத்தெருவில் நடந்தது அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்ததால் யாரும் வாங்க வரவில்லை. கொழுந்தன் கடைசியில் சாவியைக் கொண்டுவந்து தரையில் வைத்தார்.

அண்ணன் வந்து எஞ்சினை ஓடவிட்டதும், கொழுந்தன் பார்க்க அந்த இணைப்பில் எண்ணெய் விட்டேன். நடுக்கம் நின்றது. அவர் முகம் கறுத்ததைப் பார்த்தேன். எனக்கு அது போதவில்லை. அட்டை கத்தரித்து மாட்டி, மகளை முன்சீட்டில் உட்காரவைத்து, கடையத்துக்குப் புறப்பட்டோம்.

அந்த வண்டி அண்ணன் வீட்டில் பல வருஷம் ஓடியது. எங்கள் வீட்டு விசேஷங்களுக்குக் கொழுந்தன் பஸ்ஸில் வருவார், பஸ்ஸிலேயே போவார். கொண்டுபோய் விடவா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.