உடம்பு தேறினதும் டாக்டரிடம் போகலாம்

என் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனமாகி, ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். அதற்குப் பிறகு, முன்னாள் ராணுவத்தினருக்கான கிளினிக்கில் அவரை ஒரு பட்டியலில் சேர்த்தார்கள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடும் என்று கருதப்படுபவர்களின் பட்டியல் அது. உடம்பு நன்றாக இருந்தாலும் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து காட்ட வேண்டும்.

அப்பாவுக்கு ஒரே பெருமை. "எங்க செட்டுல என்னை மட்டும்தான் செலக்ட் பண்ணியிருக்காங்க" என்று மந்தைவெளியில் காய்கறி வாங்கும்போதுகூடச் சொல்வார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூவோடு போய், டாக்டர் எதைக் கேட்டாலும் "ஆல் ஓகே மேடம்" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மூச்சு வாங்கியது. பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"கிளம்புங்கப்பா."

"இன்னைக்கு வேணாம்மா. உடம்பு சரியில்லை."

"அதுக்குத்தானே டாக்டர்?"

"இந்த நிலைமையில அந்தப் பொண்ணு முன்னாடி எப்படிப் போய் நிக்கறது? ரெண்டு நாள்ல தேறிடும். அப்புறம் போலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. டாக்டருக்கு ஃபோன் போட்டேன். நெஞ்சு வலி உண்டா, பேச முடிகிறதா என்று கேட்டுவிட்டு, அவரிடம் கொடுக்கச் சொன்னார்.

"சுபேதார் சார், உங்களுக்கு ஆப்சென்ட் போடவா?"

அப்பா உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார். "அரை மணி நேரத்துல வர்றேன் மேடம்."

ஆனால் ஷூ ஏறவில்லை. லேஸை உருவினேன், ஸ்பூனை வைத்துத் தள்ளினேன். செருப்போடு வர மாட்டாராம். கீழ்வீட்டு பாய் தையல் கடைக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். அவர் ஷூ பெரிதாக இருக்கும் என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவரிடம் இருந்தது ஒரே ஜோடிதான். மகள் நிக்காஹுக்கு வாங்கியது. வெள்ளை நிறம், கூர் முனை, மேலே தங்க நிறப் பூ வேலை.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு பாலிஷ் எப்படிப் போடறது?"

"துடைச்சா போதும் சாப்" என்றார் பாய்.

பாயும் ஆட்டோக்காரரும் அப்பாவை நாற்காலியோடு மாடியிலிருந்து இறக்கினார்கள். "இன்னா சார், மாப்ள ஷூல்லாம் போட்டுக்கினு எங்க கல்யாணம்?" என்றார் ஆட்டோக்காரர்.

"டூட்டி" என்றார் அப்பா.

கிளினிக்கில் இரைக்க இரைக்க, "ஆல் ஓகே மேடம்" என்றார். எடை ஒரே வாரத்தில் நாலு கிலோ ஏறியிருந்தது. டாக்டர் குனிந்து தானே அந்த ஷூவைக் கழற்றிக் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

"உப்பு என்ன சாப்பிட்டீங்க?"

அப்பா கூரையைப் பார்த்தார். "கருவாடு. பெசன்ட் நகர் குப்பத்துல வாங்கினது. இவளுக்குத் தெரியாது."

"சார், காவல் நிக்கிற ஆள், எதிரி உள்ள வந்தப்புறமும் ஆல் ஓகேன்னு சொன்னா அவரை என்ன பண்ணுவீங்க?"

அப்பா கழற்றி வைத்த ஷூவைப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில், "மூச்சு முட்டுது மேடம். மூணு நாளா படுக்க முடியலை. உக்காந்தேதான் தூங்கறேன்" என்றார்.

பக்கத்து அறையில்தான் நான் தூங்குகிறேன். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

நீர் பிரிய ஊசி போட்டு, மதியம்வரை உட்கார வைத்து, மாத்திரையை மாற்றி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வீக்கம் வடிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த செவ்வாய், அப்பா நாலு பக்கத்துக்குக் குறைகளை எழுதி எடுத்துவந்தார். முதுகு அரிப்பு, மேல்வீட்டு மோட்டார் சத்தம், என் சாம்பார். டாக்டர் ஒரு வரி விடாமல் படித்தார். மூன்றாம் பக்கத்தில், எழுந்தால் தலை சுற்றுகிறது என்று ஒரு வரி இருந்தது. பேனாவை எடுத்து அதன்கீழ் கோடு போட்டு, பிரஷர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.