கதவைச் சொடுக்கியவர்

அந்தப் பாடத்தின் பெயர் பெரிது, வேலை சின்னது. கணினித் திரையில் ஒன்றை வரைந்து, அதைச் சொடுக்கினால் ஏதாவது நடக்கும்படி நிரல் எழுத வேண்டும். பந்து துள்ளும். பூனை கத்தும். இதற்காகவா கடல் கடந்து வந்தாய் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. மொன்றியலில் நான் தொட்டவுடன் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

தங்கியது வில்லரே பகுதியில், ஒரு நிலக்கீழ் வீட்டில். பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். நான் கல்லூரி விட்டு வரும்போது அவர் தொழிற்சாலைக்குப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் நிற்பார். அவர் சமைக்கக் குசினிக்கு வந்தால், பாவம், களைத்த மனிதர் ஆறுதலாக இருக்கட்டும் என்று என் அறைக் கதவைச் சாத்திவிடுவேன். அதை மரியாதை என்றுதான் நினைத்தேன்.

கடைசி வேலையாக ஓர் அறையை வரையச் சொன்னார்கள். எங்கள் குசினியையே வரைந்தேன். கேத்திலைச் சொடுக்கினால் விசில், ஜன்னலைச் சொடுக்கினால் பனி. அதை வெளியாள் ஒருவர் நம் முன்னால் இருந்து இயக்கிப் பார்க்க வேண்டும். செய்தவர் பக்கத்தில் இருக்கலாம்; வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஆள் எதை எதைச் சொடுக்கினார் என்று நிரலே பட்டியல் எழுதும். அதையும் கொடுக்க வேண்டும்.

மற்றவர்கள் தங்கையை, காதலனைக் கூட்டிவந்தார்கள். எனக்குத் தெருமுனைத் தெப்பனேர் கடைக்காரரோடு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’க்கு மேல் பழக்கமில்லை. யாரைக் கேட்பது? நானே இருந்து சொடுக்கி, சொடுக்கியவர் என் மைத்துனர் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியை பட்டியலை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

“இவர் ஒரு தடவைகூடப் பிழையாகச் சொடுக்கவில்லையே. கதவு வரைந்திருக்கிறீர்கள், அதைத் தொடவே இல்லை. திங்கட்கிழமைக்குள் உண்மையான ஓர் ஆளைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் இந்தப் பாடத்தில் தேற மாட்டீர்கள்.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. ஓர் ஆள்கூட இல்லாதவன் என்று கண்டுபிடித்துவிட்டாரே என்று கூசிப்போனேன்.

ஞாயிறு மத்தியானம் மடிக்கணினியோடு அண்ணையின் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணை, எனக்கொரு உதவி. கொஞ்ச நேரம் இதைச் சொடுக்கிப் பாப்பியளோ?”

“ஓம், அதுக்கென்ன.” கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நேரே கதவைச் சொடுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் சொடுக்கினார். அந்தக் கதவுக்கு நான் நிரலே எழுதியிருக்கவில்லை. அதை யாராவது திறக்கப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“இது திறக்காதோ?”

விதிப்படி பேசாமல் இருந்தேன். மூன்றாவது தடவை. நான்காவது தடவை. மவுஸை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்பவும் கதைக்கமாட்டியோ? நாலு மாசமா ஒரே வீட்டில இருக்கிறம். நான் குசினிக்கு வந்தா நீ கதவைச் சாத்துறாய். உனக்கு என்னைப் பிடிக்கேல்லையெண்டு நினைச்சுத்தான் நானும் பேசாம இருந்தனான்.”



“ஐயோ, இல்லை அண்ணை” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எதையும் சொடுக்கவில்லை. தேத்தண்ணீர் போட்டார். பின்னேரம் வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை பட்டியலைக் கொடுத்தேன். கதவு, கதவு, கதவு, கதவு. அதற்குக் கீழே என் கையால் எழுதியிருந்தேன்: செய்தவன் இடையில் வாயைத் திறந்துவிட்டான்.