மாவிளக்கில் ஒரு ஓரம்

ஆத்தாளை நம்பியிருக்கும் அன்பர்களே, நான் இன்று உங்கள் முன் நிற்பது அவள் போட்ட உயிர்ப்பிச்சை. இன்னும் சைக்கிள் மிதிக்கிறேன் என்பது அதற்கு மேல் அவள் கொடுத்த கொசுறு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். ஆயுள் முழுக்கத் தினமும் ஊசி. இடிந்து போனேன். புதுக்கோட்டையில் நான் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிள் பந்தயக்காரன். இனி பந்தயமே கிடையாதா என்று அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"ஓட்டுய்யா, யாரு வேணாம்னது? ஆனா ஊசியால சக்கரை ரொம்ப எறங்கி, வழியில கை நடுங்கி வேர்த்துச்சுன்னா ஒடனே வெல்லத்தை வாயில போடணும். இல்லாட்டி உசுருக்கே ஆபத்து" என்றார்.

இதை என் மனைவி பொன்னம்மாளிடம் சொன்னேன்.

"சக்கரை வியாதிக்கு வெல்லம் திங்கச் சொன்னாராக்கும்! யாருக்குக் காது குத்துறீங்க?" என்றாள். அடுக்களையில் எனக்கு இருந்த நற்பெயர் அப்படி.

ஆடி ஞாயிறு ஒன்றில் அறந்தாங்கி போய்த் திரும்பும் பந்தயம். ஊசி போட்டு, இட்லி சாப்பிட்டு, சட்டைப்பையில் வெல்லக்கட்டியோடு கிளம்பினேன். "நான் பாக்க வரமாட்டேன்" என்று முறைத்துக்கொண்டே பொன்னம்மாள் என் சட்டையைச் சரிசெய்தாள். பையையும் சேர்த்துச் சரிசெய்தது எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் எனக்கு முன்னால் ஒரே ஒருவன்தான். எட்டிப் பிடிக்கப் போகிறேன், கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. பைக்குள் விரலை விட்டால் திருநீற்றுப் பொட்டலம்!

பக்கத்திலேயே ஒரு டீக்கடை. அது என் மாமனார் ஊர்ப் பக்கம். கடைக்காரர் பொன்னம்மாளுக்குப் பெரியப்பா மகன்.

"மச்சான், ஒரு பிடி சீனி குடுங்க. உசுரு போகுது."

"வாங்க மாப்பிள்ளை. ஒங்களுக்கு இனிப்பு ஆகாதாமே? தங்கச்சி பஸ் கண்டக்டர்கிட்ட எல்லாக் கடைக்கும் சொல்லி விட்டுருக்கு. சீனி இல்லாம டீ போடவா?" என்று சீனி டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த கடையிலும் இதே உபசாரம். மருமகன்மேல் ஓர் ஊருக்கு இவ்வளவு அக்கறை ஆகாது.

கண் இருட்டியது. சாலையோர அம்மன் கோவில் வாசலில் சைக்கிளோடு சாய்ந்தேன். ஆத்தா, பரிசு வேண்டாம், உயிரை மட்டும் கொடு, பொன்னம்மா தனியாகிவிடுவாள் என்று வேண்டினேன். நாக்குக் குழறியது. பயந்துபோனேன்.

"ஐயோ, ஏங்க!" என்று ஒரு குரல். பொன்னம்மாள்! புருஷன் முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, எனக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்து அங்கே மாவிளக்கு ஏற்றியிருந்தாள். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்த உருண்டையின் நடுவில் நெய்த்திரி நின்று எரிந்தது. திரி தானாக அணைந்து மலையேறும்வரை அதைத் தொடக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

"வெல்லம்..." என்றேன். என் வேர்வையைத் தொட்டுப் பார்த்தாள். டாக்டர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாவிளக்குப் பக்கம் கையை நீட்டினாள்.

"தாயி, திரி எரியுது, தொடாதே!" என்று பூசாரி பதறினார்.

"இவரே அணைஞ்சு போனா நான் யாருக்குங்க வெளக்குப் போடுறது?" என்று ஓரத்தைப் பிட்டு என் வாயில் திணித்தாள். மாதக்கணக்கில் எனக்கு வெல்லத்தைக் கண்ணில் காட்டாத கை, அழுதுகொண்டே பிட்டுப் பிட்டு ஊட்டியது.

மெல்ல நடுக்கம் நின்றது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எழுந்து ஓட்டப் பார்த்தேன். பொன்னம்மாள் ஹேண்டில்பாரை விடவில்லை. சைக்கிள் பஸ் கூரையிலும் நான் உள்ளேயுமாக ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்போது வெல்லத்தை அவளே பையில் வைத்து, ஊக்கும் குத்தி அனுப்புகிறாள். அந்தக் கடைக்காரர்கள் பந்தயத்தன்று சீனியும் கையுமாக ரோட்டில் நிற்கிறார்கள். தப்பித்து வருவது பெரும்பாடு. ஊசியும் நடக்கிறது, பந்தயமும் நடக்கிறது. அன்பர்களே, கஷ்டம் வந்தால் நீங்களும் ஆத்தாளைக் கூப்பிடுங்கள். எனக்கு அவள் என் பெண்டாட்டியின் கையாலேயே கொடுத்தாள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மூன்று பக்கமும் பிட்டெடுத்த அந்த மாவிளக்கு அணையவே இல்லை. எங்கள் பஸ் வந்த பிறகுதான் மலையேறியது.