கமிட்டிக்கு நான் சொன்ன பொய்

சிங்கப்பூர்ச் சட்டசபையிலிருந்து கமிட்டி வருகிறது என்று பெரட்டில் நிற்கும்போது கங்காணி சொன்னார். விடிந்தும் விடியாமலும் ஆபீஸ் முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணுவதுதான் பெரட்டு. கமிட்டி என்றால் என்னவென்று அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரியாது.

"கமிட்டின்னா யாருங்க, புதுத் தொரையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நாலு தொரைங்க. ஒரே கார்ல வராங்க."

"அப்ப நாலு சலாம் போடணுமா, காரப் பாத்து ஒண்ணு போட்டாப் போதுமா?"

சிரித்தோம். கங்காணி சிரிக்கவில்லை. "நல்லாச் சிரிங்க. எது கேட்டாலும் ஆமாங்க தொரைன்னு சொல்லணும். வேற ஒரு வார்த்த வந்துச்சு, அடுத்த கப்பல்ல ஒங்க நம்பரு இருக்கும்."

அதோடு சிரிப்பு நின்றது.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. மாதத்துக்கு ஒரு லிஸ்ட் வரும். அதில் யார் நம்பர் இருக்கிறதோ அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறவேண்டும். லாரி துறைமுகத்துக்குப் போகும். கப்பல் நாகப்பட்டினத்துக்குப் போகும். அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நான் மூன்று வயதில் இந்த மலாக்காச் சீமைக்கு வந்தவள். என் அப்பனும் ஆத்தாளும் இந்தத் தோட்டத்து மேட்டில்தான் புதைந்திருக்கிறார்கள். என் புருஷனுக்கும் அந்தக் கரையில் ஒரு நாதியும் இல்லை. கையில் எட்டு மாதப் பெண் குழந்தை. லிஸ்ட் படிக்கும் நாளில் மரத்தில் கத்தி வைத்தால் பட்டை ஆழமாகக் கிழியும், அதற்கு வேறு வேலையை மேய்க்கிற மண்டோரிடம் ஏச்சு.

கமிட்டி என்ன செய்யும் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். சட்டசபையில் சட்டம் போடுகிறார்கள். தோட்டத்தில் ஆட்களுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது நடக்கிறதா என்று பார்க்க லேபர் ஆபீஸ் அதிகாரி இருக்கிறார். அந்த அதிகாரி ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று பார்க்கத்தான் சபையிலிருந்து நாலு பேரைப் பொறுக்கி அனுப்புகிறார்கள். எங்கள் அதிகாரி வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். தொரை பங்களாவில் சாப்பிடுவார். நாங்கள் குடியிருக்கிற லயத்தை ரோட்டிலிருந்தே பார்ப்பார். எல்லாம் நலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ஆகவே கமிட்டி வருகிறது என்றதும் அவருக்கும் வேர்த்தது, தொரைக்கும் வேர்த்தது. அவர்களுக்கு வேர்த்தால் கங்காணி எங்களை மிரட்டினார். எங்களுக்குக் கீழே மிரட்ட ஆளில்லை.

தண்ணீர் விஷயம் இதுதான். லயத்துக்குக் கிணறு கிடையாது. ஓடையில்தான் மொள்ளவேண்டும். ஓடைக்கு மேலே, வெட்டின பாலை ரப்பராக்குகிற ஸ்டோர். பாலை உறைய வைக்கிற திராவகத் தண்ணீரும் கழுவின தண்ணீரும் அங்கிருந்து இறங்கி ஓடையில் கலக்கும். வெயில் நாளில் குடத்தைத் திறந்தால் நாறும். என் முதல் பிள்ளை ஒன்றரை வயதில் வயிற்றால் போய்ச் செத்தான். எங்கள் லயத்தில் அப்படிப் போன பிள்ளை அவன் ஒருவன் இல்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் எல்லாவற்றுக்கும் காய்ச்சல் என்று எழுதினார். மகளுக்கு நான் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். ஆனால் நான் பால் வெட்டப் போனபிறகு ஆயாக் கொட்டகையில் என்ன கொடுக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மரத்துக்கு மரம் அதே நினைப்பு.

கமிட்டி வந்தது. ஆபீஸுக்குள் நீள மேசை போட்டு உட்கார்ந்தார்கள். தலைவர் கிழட்டு வெள்ளைக்காரர். மேசை ஓரத்தில் எங்கள் தொரை. நடுவில் கோட்டுப் போட்ட தமிழர் ஒருவர், அவர்தான் மொழிபெயர்ப்பவர். சாட்சிக்கென்று கங்காணி ஆறு பேரைப் பொறுக்கி, குளிக்க வைத்து, வேட்டி சேலை மாற்ற வைத்து நிறுத்தியிருந்தார். அதில் என் பக்கத்து அறை அக்காவும் ஒருத்தி. அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் பிள்ளை இல்லை. என் மகளை அவள்தான் பாதி நேரம் தூக்கி வைத்திருப்பாள். ஆறு பேரும் போனார்கள். ஆமாங்க தொரை சொன்னார்கள். பெருவிரல் வைத்தார்கள். வெளியே வந்தார்கள்.

அப்புறம் அந்தக் கிழவர் செக்ரோலைக் கேட்டார். ஆட்களின் நம்பர் எல்லாம் இருக்கிற புத்தகம். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி கொண்டுவந்து கொடுத்தார். கிழவர் நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டி, பார்க்காமலே விரலை வைத்தார். அந்த விரல் என் நம்பரில் விழுந்தது.

மரத்தடிக்கு ஆள் வந்து கூப்பிட, நான் பால் வாளியோடு அப்படியே போய் நின்றேன். தொரை என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். அது இன்னும் பயமாக இருந்தது. கூலி சரியாக வருகிறதா என்றார்கள். ஆமாங்க தொரை. ஆஸ்பத்திரி இருக்கிறதா என்றார்கள். ஆமாங்க தொரை. தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்றார்கள்.

"ஆமாங்க தொரை."

நான்தான் சொன்னேன். பிள்ளையைப் புதைத்த நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. வாய் பழகிப்போய் இருந்தது. தொரை எது கேட்டாலும் அந்த வார்த்தை தானாக வந்துவிடும்.

ஆனால் அந்தக் கமிட்டிக்கு ஒரு முறை இருந்தது. சாட்சி சொன்னதை எழுதி, அவரவர் பாஷையில் திருப்பிப் படித்துக் காட்டி, சரி என்றால்தான் கையெழுத்தோ விரலோ வாங்குவார்கள். கோட்டுப் போட்டவர் படித்தார். "லயத்தில் குடிதண்ணீர் நன்றாக இருக்கிறது என்று இந்தச் சாட்சி சொல்கிறாள்." மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை போனவள் நான். எனக்கு எழுதத் தெரியும். பேனாவைக் கேட்டேன். கொடுத்தார்கள். கை வரவில்லை.

"போடும்மா, நேரமாவுது."

"இது பொய்ங்க."

"என்னம்மா இது? இப்பதானே நீ சொன்ன!"

"நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இத எப்படிம்மா நான் தொரைகிட்ட சொல்லுவேன்?" என்று மெல்லக் கேட்டார்.

"அப்படியே சொல்லுங்க."

சொன்னார். கிழவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எங்கள் தொரையைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தொரை எழுந்து வெளியே போனார். அவர் சொந்த ஆபீஸிலிருந்து அவரை வெளியே அனுப்பினதை என் கண்ணால் பார்த்தேன். கதவு சாத்தினபிறகு நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஓடை, ஸ்டோர், என் பிள்ளை, டிரஸர் எழுதின காய்ச்சல். நாக்கு குழறியது, அழுகை வந்தது, கெட்ட வார்த்தைகூட வந்தது. அதை மட்டும் கோட்டுப் போட்டவர் மொழிபெயர்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியில் தொரையைத் திரும்பக் கூப்பிட்டு, சாட்சி சொன்ன யாரையும் தண்டிக்கக்கூடாது, கப்பலுக்கும் அனுப்பக்கூடாது என்று கிழவர் அவர் முன்னாலேயே சொன்னார். சாட்சி சொன்ன ஏழு பேருக்கும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார்கள். நம்பர் எழுதி முத்திரை குத்தியது. நான் என்னுடையதை மடித்துத் தகர டப்பாவில் வைத்தேன்.

வீட்டில் என் புருஷன் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"எல்லாரும் ஆமான்னுட்டுதானே வந்தாங்க. ஒனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"பிள்ள போனது ஒங்களுக்கு மறந்துருச்சா?"

"மறக்கல. இருக்கிற புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கடி போறது? அதச் சொல்லு."

அந்த மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. கங்காணி என்னைத் திட்டவில்லை, அதுதான் உறுத்தியது. லாரிச் சத்தம் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொள்வேன்.

அடுத்த லிஸ்டில் எங்கள் இரண்டு நம்பரும் இருந்தன.

மஸ்ஜித் தானாவுக்கு நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மலாக்கா டவுனில் லேபர் ஆபீஸுக்குப் போனோம். அதே அதிகாரி. துண்டுக் காகிதத்தை மேசையில் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, முத்திரையையே பார்த்தார். கமிட்டி இன்னும் ரிப்போர்ட் எழுதி முடிக்கவில்லை, அவர் பேர் அதில் எப்படி வருமோ என்று அவருக்குப் பயம். உடனே லிஸ்டை எடுத்து எங்கள் இரண்டு நம்பரையும் சிவப்பு மையால் அடித்தார். பஸ்ஸில் திரும்பும்போது என் புருஷன் முதல்முறையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

கப்பலுக்கு இத்தனை தலை என்று தொரை முன்னாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு தலை குறைந்தால் இரண்டு தலை சேர்க்கவேண்டும். மறுநாள் பெரட்டில் கங்காணி திருத்தின லிஸ்டைப் படித்தார். பக்கத்து அறை அக்கா நம்பரும் அவள் புருஷன் நம்பரும்.

அக்கா பெரட்டிலிருந்து நேராக என்னிடம் வந்தாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நான் ஆமாங்கன்னுதானே சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள்.

"அக்கா, நீயும் சாட்சிதானே. ஒனக்கும் துண்டு குடுத்தாங்கல்ல. எங்க அது?"

"கங்காணிகிட்ட குடுத்துட்டேன்."

"ஏங்க்கா குடுத்த?"

"காயிதமெல்லாம் அவருகிட்டதானே இருக்கும்? நான் வச்சு என்ன செய்ய?"

மற்ற ஐந்து பேரும் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். சீட்டு, பத்திரம், எதுவானாலும் கங்காணி கையில் கொடுத்தே பழக்கம்.

அன்றே மலாக்காவுக்குப் போய் அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். கமிட்டி புத்தகத்தில் அவள் விரல் இருக்கிறது, பாருங்கள் என்று கேட்டிருக்கலாம். என் புருஷனிடம் சொன்னேன். "போ. போனா ரெண்டு தல கொறையும். யாரப் போடுவான்? யோசிச்சுக்க," என்றார். லாரி வர மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் போகலாம் போகலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் புடவைகூட மாற்றினேன். போகவில்லை. லாரி வந்த காலையில் அக்கா என் மகளைத் தூக்கக் கேட்டாள். கொடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து ஸ்டோருக்கு மேலே மேட்டில் லயத்துக்குக் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் நாறவில்லை. என் மகள் பிழைத்தாள். கமிட்டி இல்லாவிட்டால் அந்தக் கிணறு வந்திருக்காது. அதை இல்லை என்று சொன்னால் நான் இன்னொரு பொய் சொன்னவளாவேன்.

ரிப்போர்ட்டும் அச்சில் வந்தது. மஸ்ஜித் தானாவில் மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா பேப்பரில் வந்ததைப் படித்துக் காட்டினார். சாட்சி சொன்ன ஆட்கள் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை என்று விசாரித்து உறுதி செய்துகொண்டதாக அதில் ஒரு வரி. யாரை விசாரித்தார்கள்? அந்த அதிகாரியைத்தான் விசாரித்திருப்பார்கள். கமிட்டிக்காரர்கள் எவரும் திரும்ப லயத்துக்கு வந்து என்னைக் கேட்கவில்லை. வந்து கேட்டிருந்தால், தொரையும் கங்காணியும் பக்கத்தில் நிற்க, குழந்தை இடுப்பில் இருக்க, அன்றைக்கு நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.