சுறா புட்டும் என் வீட்டுக்காரரும்

இன்று டிவியில் பெரிய வெள்ளைச் சுறாவைக் காட்டினார்கள். நான் திரும்பி என் வீட்டுக்காரரை முறைத்தேன்.

கதை பழசு. தொண்ணூறுகளின் தொடக்கம், ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். மூத்தவள் பிறந்து ஒரு மாதம். எனக்குப் பால் பற்றவில்லை, குழந்தை வீல் வீலென்று அழும். எனக்கும் சேர்ந்து அழுகை வரும்.

மீன்கார அஞ்சலை கூடையை இறக்கினாள். "சுறா புட்டு துன்னு கண்ணு. பாலு தன்னால ஊறும்."

நான் சேலத்துக்காரி. சுறாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

இவர் லீவு போட்டு, பூண்டு உரித்து, தானே சமைத்தார். (கல்யாணமான நாளிலிருந்து அடுப்பங்கரைப் பக்கம் வராத மனுஷன்.)

தட்டை வைத்துவிட்டு லைப்ரரி புத்தகத்தை விரித்தார். "வெள்ளைச் சுறான்னு ஒண்ணு இருக்காம். ஒரு சொட்டு ரத்தம் போதும், மோப்பம் பிடிச்சு வந்துரும். ஆளையே கடிச்சுப் பாக்குமாம். இது என்னத்தத் தின்னுச்சோ, யாரு கண்டா?"

தட்டைத் தள்ளிவிட்டேன்.

"வீணாப் போகுதே," என்று அவரே சாப்பிட்டார். அடுத்த வாரமும் அதே கதை.

மூன்றாம் வாரம் அஞ்சலையிடம் வேண்டாம் என்றேன்.

"இன்னாம்மா இப்டி சொல்ற? பூண்டு தூக்கலா போட்டா ஷோக்கா கீதுன்னு உன் ஊட்டுக்காரு சொன்னாரே. நீ துன்னலியா?"

"அது ஆளைத் தின்னுமாமே?"

"இது பால் சுறா கண்ணு. முழங்கை நீளங்கூட இல்ல, இது ஆள முழுங்குமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி, குழந்தையின் பாலையல்லவா வழித்துத் தின்றிருக்கிறார்.

புத்தகத்தை எடுத்து நானே படித்தேன். அந்த வெள்ளைச் சுறா பெரும்பாலும் குளிர்ந்த கடல்களில் சீல் என்ற கடல்விலங்கை வேட்டையாடித் திரியுமாம். மனிதன் அதற்குப் பிடித்த தீனியே இல்லையாம். அடுத்த பக்கத்தில் இன்னொரு சேதியும் இருந்தது.

அன்று நானே புட்டு செய்தேன். இவர் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"வெள்ளைச் சுறால பொம்பளதான் பெருசாம். பெருசு சாப்பிடறப்ப சின்னது ஒதுங்கி நிக்குமாம். உங்க புத்தகத்துலதான் போட்டிருக்கு," என்றேன்.

மனுஷன் ஒதுங்கி நின்றார். நான் சட்டியை வழித்தேன்.

இன்று டிவியில் அதே சேதி வந்தது. இவர் எழுந்துபோய் எனக்கு முதலில் சோறு போட்டு எடுத்து வந்தார்.

உங்கள் வீட்டில் யார் பெரிய சுறா?