உரித்து ஒட்டும் ஜோஸ்லின்

மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி மூன்றும் எவர்சில்வர் டப்பாவுக்குள் போய்விட்டன. அடுத்து, கணவரின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொள்கிறார் ஜோஸ்லின். பொத்தான்கள் முதுகுப் பக்கம் போய்விட வேண்டும். வண்டிமேல் சாயும்போது அவை கீறிவிடக் கூடாதாம். பிறகு கொட்டகைத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டு, மின்விசிறியை நிறுத்துகிறார். சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, விசிறியை நிறுத்துகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். என் முகம் போன போக்கை அவரும் பார்த்துவிட்டார்.

"காத்து அடிச்சா தூசி வரும் சார். பிலிமுக்கு உள்ளார ஒரு தூசி மாட்டிக்கிச்சுன்னு வெய்யி, அஞ்சு வருஷத்துக்கு அத்தயே பாத்துகினு இருக்கணும்."

வண்டியின் பெயிண்ட் மேல் கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புப் பிலிம் ஒட்டுவது அவர் தொழில். சாலையில் கல் தெறித்தாலும் மரக்கிளை உரசினாலும் அடியைப் பிலிம் வாங்கிக்கொள்ளும். வெயிலில் அது மஞ்சளாகி வெடித்துவிட்டால் உரித்தெடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். ஜோஸ்லின் ஒன்பது வருடம் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நின்று திரைகளுக்குப் பிலிம் ஒட்டியவர். "ஒரே ஒரு பபுள் இருந்தாலும் ரிஜெக்ட்டு. சூப்பர்வைசர் மூஞ்சிய தூக்கி வச்சிக்குவான்" என்று சிரிக்கிறார். அந்த வேலையை விட்டுவிட்டு, மண்ணூரில் இந்தக் கொட்டகையைப் போட்டு நான்கு வருடம் ஆகிறது.

நான் முதலில் போனது என் காருக்காக. பன்னிரண்டு வயதான கார் அது. ஜோஸ்லின் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "சார், இதுக்கு ஒட்டுனா பிலிமுக்குத்தான் அசிங்கம்" என்றார். கோபம் வரவில்லை. வந்த வாடிக்கையாளரை உண்மை சொல்லித் திருப்பி அனுப்புகிற ஆள் கிடைத்த சந்தோஷத்தில், அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு கேரவன். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. ஜோஸ்லின் அதை 'வூட்டு வண்டி' என்கிறார். அம்பத்தூர்க்காரரான சண்முகசுந்தரம், தொழிலை மகனிடம் விட்டுவிட்டு மனைவி செல்வலட்சுமியுடன் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். வெள்ளிக்கிழமை காலையில் இமாசலத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று நாள் குறித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவருடைய நண்பர்கள் ஏழு பேரிடம் இதே மாதிரி வண்டி இருக்கிறது. "இது நல்லபடியா முடிஞ்சா அந்த ஏழும் உன்கிட்டதாம்மா" என்று வேறு சொல்லியிருந்தார். ஜோஸ்லினுக்கு இதுதான் முதல் பெரிய வண்டி. ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று கேட்ட வாய்களை மூட அவருக்கு அந்த ஏழு வண்டியும் வேண்டியிருந்தது.

உரிப்பதைப் பார்க்க வேண்டும். சூடான காற்றை ஊதும் துப்பாக்கி ஒரு கையில். மறுகை நகத்தால் பிலிமின் ஓரத்தைக் கிளப்பி, மேலே தூக்காமல், வண்டியோடு படியவைத்தே இழுக்கிறார். குழந்தையின் முழங்காலிலிருந்து பிளாஸ்திரி எடுக்கும் தாயின் நிதானம். "வா, வா, இன்னா அவசரம்" என்று பிலிமிடம் பேச்சு வேறு. இரண்டு மணி நேரத்தில் வண்டியின் முகத்தில் பாதி உரிந்துவிட்டது.

அப்புறம் பேச்சு நின்றது. வலது விளக்குக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் பிலிமோடு சேர்ந்து வந்துவிட்டது. ஜோஸ்லின் துப்பாக்கியை அணைத்துவிட்டு, அந்த இடத்தை வெகுநேரம் தடவிப் பார்த்தார். "இது கம்பெனி பெயிண்ட் இல்ல சார். நடுவுல எப்பவோ அடிச்சிகிறாங்க. காயறதுக்குள்ள மேல பிலிமப் போட்டு மூடிட்டாங்க."

டயர் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் டென்னிஸ் நல்லவர். மனைவி தோற்றுவிடக் கூடாதே என்ற பதற்றம் அவருக்கு. "டச்சப் பண்ணி, மேல ஒட்டிடு ஜோஸ். யாருக்குத் தெரியப் போவுது?"

"அடுத்த தபா உரிக்கிறவனுக்குத் தெரியும்."

"அவன் யாருன்னே உனக்குத் தெரியாது."

"அவனுக்கு என்னைத் தெரியுமே. எவ ஒட்டுனதுன்னு கேப்பான்ல?" என்றவர், உடனே போனை எடுத்துச் சண்முகசுந்தரத்தைக் கூப்பிட்டார்.

சாயங்காலமே கணவனும் மனைவியும் வந்துவிட்டார்கள். சண்முகசுந்தரம் வண்டியைப் பார்த்ததும் குதித்தார். "உன் கையிலதானே வந்துது? சரி, பெயிண்ட் அடிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள ஒட்டிக் குடு."

"பெயிண்ட் அடிச்சித் தரேன் சார். மத்த எடமெல்லாம் ஒட்டித் தரேன். அங்க மட்டும் முப்பது நாள் ஒட்ட மாட்டேன். பெயிண்ட் மூச்சு விடணும். நீங்க போய்ட்டு வாங்க, வந்தப்புறம் ஒட்டலாம்."

"மூஞ்சியில மட்டும் சும்மா விட்டுட்டு மலைக்குப் போகச் சொல்றியா? கல்லு பட்டா? மத்த கடைக்காரன் ஒரே மத்தியானத்துல முடிச்சிடுவான். இப்பவே வண்டியை எடுத்துட்டுப் போறேன்."

"போங்க சார். ஆனா அவங்களையும் முப்பது நாள் கழிச்சே ஒட்டச் சொல்லுங்க" என்றார் ஜோஸ்லின். ஏழு வண்டியும் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தன.

செல்வலட்சுமி குனிந்து அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "ஏங்க, தனுஷ்கோடி போறதுக்கு முன்னாடி கேட்டுல இடிச்சீங்களே, அது இந்த இடந்தானே? ரெண்டே நாள்ல அடிச்சு ஒட்டித் தரணும்னு அந்தப் பெயிண்டரை என்ன பாடு படுத்தினீங்க!"

சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சரிம்மா, நீ சொல்ற மாதிரியே செய்" என்பதை வண்டியைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் தூசி கிளம்புமே என்று சும்மா இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வேண்டுமென்றே போயிருந்தேன். முகம் பளபளக்க வண்டி நின்றது. எங்கே பிலிம் இருக்கிறது, எங்கே இல்லை என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. செல்வலட்சுமி ஜன்னல் வழியாகக் கையசைக்க, வண்டி கொட்டகையைவிட்டு நகர்ந்து மெயின் ரோட்டில் ஏறப் பார்த்தது.

அப்போது ஒரகடம் பக்கமிருந்து ஒரு டிப்பர் லாரி வந்தது. தார்ப்பாய் போடவில்லை, ஜல்லி பின்பக்கமாகச் சிந்திக்கொண்டே வந்தது. ஜோஸ்லின் ஓடிப்போய்க் கேரவனின் வலது விளக்குக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். சண்முகசுந்தரம் ஹாரன் அடித்தார். ஜோஸ்லின் திரும்பவில்லை. லாரி தாண்டிப் போய், வளைவில் திரும்பி, கண்ணுக்கு மறைகிறவரைக்கும் விரித்த கையை அவர் இறக்கவில்லை.